என்பிடெல் படிப்புகள்: தானாக முன்வந்து படிக்கும் பழக்கத்துக்கு எவ்வளவு உதவும்?

யாரும் சொல்லாமலே ஒரு வேலையைக் கையில் எடுக்கும் பழக்கத்தை வளர்க்கப் பயிலரங்குகள் நிறைய நடக்கின்றன. இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டால் உற்சாகம் வரும். அடுத்த திங்கட்கிழமை காலையில் மேசையில் உட்கார்ந்ததும் என்ன செய்வது என்பதற்கு அங்கே விடை கிடைப்பது அபூர்வம். அதனால்தான் இந்த நோக்கத்துக்காக என்று விளம்பரமே செய்யாத ஒரு சேவையை இங்கே மதிப்பிடுகிறோம். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையவழிப் படிப்புகள்தான் அது. 2003-ல் தொடங்கிய இத்திட்டத்தின் ஒருங்கிணைப்பு சென்னை ஐஐடியிலிருந்து நடக்கிறது. ஆரம்பத்தில் விரிவுரை வீடியோக்களாக மட்டும் இருந்தது. வாராந்தர அசைன்மென்ட், நேரில் எழுதும் பரீட்சை, சான்றிதழ் எல்லாம் 2014-லிருந்து வந்தவை. இப்போது மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் வழியாகச் சேர வேண்டும்.

எதை வைத்து மதிப்பிடுவது? இப்படித் தானாக முன்வரும் தன்முனைப்பைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் மைக்கேல் ஃப்ரேசே அதற்கு மூன்று கூறுகளைச் சொல்கிறார். பிறர் சொல்லாமல் தொடங்குவது, வரப்போவதை முன்கூட்டி யோசித்துச் செய்வது, தடை வந்தால் விடாமல் தாண்டுவது. இது வெறும் ஏட்டுப் பேச்சாக நிற்கவில்லை. ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்பவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்த மூன்றையும் பயிற்சியாகக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குக் கணக்கு, சந்தைப்படுத்தல் என்று வழக்கமான வணிகப் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவின்படி, தன்முனைப்புப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் சராசரியாக 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான பயிற்சி பெற்ற குழுவில் தெரிந்த உயர்வு 11 சதவீதம்தான், அதுவும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. ஆக, இது பயிற்சியால் வரக்கூடிய பழக்கம். பயிற்சி எப்படி அமைந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், என்பிடெல்லின் பலம் அதன் வீடியோக்களில் இல்லை. நல்ல வீடியோ இன்று எங்கும் கிடைக்கிறது. நகராத கடைசித் தேதியும், பணம் கட்டி ஒரு மையத்துக்குப் போய் எழுதும் பரீட்சையும்தான் இதன் பலம். கோர்செரா என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் தவணை தவறினால் ஒரு பொத்தானை அழுத்தித் தேதிகளைப் புதிதாக வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகிறவருக்கு அது வசதிதான், ஆனால் பாதியில் நின்றுபோவதற்கும் அதுவே வழி. என்பிடெல்லில் கடைசித் தேதி இரவு 11.59 தாண்டினால் அந்த அசைன்மென்ட் போனதுதான். தொடங்குவது முழுக்க உங்கள் கையில், தொடங்கிய பிறகு பிடித்து நிறுத்த ஒரு சட்டகம். சொந்த முயற்சியில் படிக்கப் பழகுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இந்தச் செலவில் வேறு இல்லை என்பது எங்கள் கணிப்பு.

செலவைச் சொல்லிவிடுவோம். சேர்வதும் படிப்பதும் அசைன்மென்ட் எழுதுவதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் பரீட்சைக் கட்டணம் உண்டு. பல பருவங்களாக ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் இருந்து வருகிறது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சான்றைப் பதிவேற்றினால் பாதி. கட்டுவதற்கு முன் அந்தப் பருவத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலானவர்கள் இந்த இடத்திலேயே சறுக்குகிறார்கள். ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு பருவம், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான பாடங்கள். தோழி சேர்ந்தாள், சீனியர் ஈஸி என்றார், துறைத்தலைவர் பட்டியல் ஒட்டினார் என்று சேர்ந்தால், தொடக்கமே பிறர் சொல்லி நடந்ததாகிவிடும். ஐந்தாவது வாரத்தில் சலிப்பு வரும்போது பிடித்துக்கொள்ளச் சொந்தக் காரணம் ஒன்றும் கையில் இருக்காது.

சேருவதற்கு முன் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். இந்தப் பாடம் முடியும்போது இப்போது செய்ய முடியாத எதைச் செய்ய முடிய வேண்டும்? "பைத்தான் நிரல்மொழி தெரிய வேண்டும்" என்பது போதாது. "மூன்று கிளைகளிலிருந்து வரும் விற்பனைக் கோப்புகளை நானே நிரல் எழுதி ஒன்றாக்க வேண்டும்" என்பது போதும். இரண்டாவது வாக்கியம் எழுதத் தெரிந்தவருக்குப் பாடத்தின் எட்டு வாரத்தில் எந்த வாரம் தனக்கு முக்கியம் என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது, பாட அறிமுகப் பக்கத்தில் வாரவாரியான பாடத்திட்டம் இருக்கும். அதைப் படித்துவிட்டு, யூடியூபில் அதே பாடத்தின் பழைய பதிப்பைத் தேடி நான்காவது வாரத்தின் ஒரு விரிவுரையைப் பாருங்கள். முதல் வாரம் எல்லாப் பாடத்திலும் எளிதாகவே இருக்கும். கனம் கூடுவது மூன்று, நான்காவது வாரங்களில்தான். அங்கே பாதியாவது பிடிபட்டால் சேரலாம். கொஞ்சம்கூடப் பிடிபடாவிட்டால் அதற்கு முந்தைய நிலைப் பாடத்துக்குப் போய்விடுவது நல்லது. பல பாடங்களில் 'அசைன்மென்ட் 0' என்று முன்னறிவைச் சோதிக்கும் கேள்விகளும் இருக்கும். அது மதிப்பெண்ணில் சேராது என்பதால் பலர் தொடுவதே இல்லை. ஆனால் பாடம் உங்களுக்கானதா என்று காட்டும் கண்ணாடி அதுதான்.

நீளத்தையும் யோசியுங்கள். 4, 8, 12 வாரம் என மூன்று அளவு. விரிவுரை மட்டும் முறையே 10, 20, 30 மணி நேரம், அதாவது வாரத்துக்கு இரண்டரை மணி. நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்தால் அது நான்கு மணியாகும், அசைன்மென்ட்டுக்கு இன்னொரு ஒன்றரை மணி. வாரம் ஐந்தரை மணி நேரம் எங்கிருந்து வரும் என்று காட்ட முடியாதவர் 12 வாரப் பாடத்தில் கைவைக்க வேண்டாம். முதல்முறை எடுப்பவருக்கு 8 வாரம்தான் சரியான அளவு. 4 வாரத்தில் பழக்கம் படிவதற்குள் பாடம் முடிந்துவிடும்.

ஒரு பாடம், உள்ளே நுழைந்து பார்த்தால்

சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான், தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம் பாடம் 8 வாரம். முதல் வாரத்திலேயே இரண்டு எண்களின் மீப்பெரு பொதுவகுத்தியைக் கண்டுபிடிக்கும் நிரல் வருகிறது. முதலில் இரண்டு எண்ணின் வகுத்திகளையும் தனித்தனிப் பட்டியல் போட்டு, பொதுவானவற்றில் பெரியதை எடுக்கிறார். சரியான விடைதான் வருகிறது. அப்புறம், இரண்டு பட்டியல் எதற்கு, ஒரே ஓட்டத்தில் பார்க்க முடியாதா? மேலிருந்து கீழே வந்தால் முதலில் கிடைப்பதே விடையாகிவிடாதா? கடைசியில் யூக்ளிடின் வழி. கோடிக்கணக்கில் போக வேண்டிய படிகள் சில டஜனுக்குள் அடங்குகின்றன.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலை செய்யும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்பார் இல்லாமலே "இதைவிட நன்றாகச் செய்ய முடியுமா" என்று மறுபடி மறுபடி பார்ப்பதுதான் அலுவலகத்தில் முன்முயற்சி என்று நாம் சொல்வது. சொற்பொழிவில் கேட்டால் இது அறிவுரை. ஒரே கணக்கின் நான்கு நிரல்களை அடுத்தடுத்து நீங்களே தட்டச்சு செய்து ஓட்டிப் பார்த்தால் கைப்பழக்கம். விரிவுரையைப் பார்த்துவிட்டு அப்படியே நகர்ந்துவிட்டால் இந்தப் பலன் கிடைக்காது. வீடியோவை நிறுத்திவிட்டு அடுத்த வடிவத்தை நீங்களே முயன்று, பிறகு ஓடவிட்டால்தான் கிடைக்கும். இதே பாடத்தில் அலுவலகப் பணியாளருக்கு நேரடியாகக் கைகொடுப்பது ஐந்தாவது வாரம். கோப்பைத் திறப்பது, வரிவரியாகப் படிப்பது, எழுத்துச் சரங்களைப் பிரிப்பது, பிழை வந்தால் நிரல் செத்துப்போகாமல் கையாள்வது எல்லாம் அதில்தான் வருகின்றன.

'ஆளுமை வளர்ச்சி', 'மென்திறன்' என்ற தலைப்பிலும் பாடங்கள் உள்ளன. கான்பூர் ஐஐடியின் டி. ரவிச்சந்திரன் நடத்தும் மென்திறன், ஆளுமைப் பாடம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் தெரிந்த ஒன்று. இத்தகைய பாடங்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். முன்முயற்சியை வளர்க்க இவற்றை மட்டும் நம்புவதைப் பரிந்துரைக்க மாட்டோம். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியால் ஒருவர் தானாக முன்வருகிறாரா என்று அளக்க முடியாது. ஏதாவது ஒன்றைச் செய்து முடிக்க வேண்டிய பாடத்தில்தான் அது வெளிப்படும், வளரவும் செய்யும்.

மதிப்பெண் கணக்கு

இதை முதல் நாளே புரிந்துகொள்ளாதவர்கள்தான் கடைசியில் அதிர்ச்சி அடைகிறார்கள். வழக்கமான பாடத்தில் அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75. அசைன்மென்ட்டில் எல்லாமும் எண்ணப்படாது. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8, 8 வாரத்தில் சிறந்த 6, 4 வாரத்தில் சிறந்த 3. இவற்றின் சராசரியே 25-க்கு மாற்றப்படும். சான்றிதழுக்கு 25-ல் 10-ம், 75-ல் 30-ம் தனித்தனியாக எடுத்தாக வேண்டும்.

'தனித்தனியாக' என்பதைக் கவனியுங்கள். அசைன்மென்ட்டில் முழு 25 எடுத்து, பரீட்சையில் 29 எடுத்தவரின் கூட்டுத்தொகை 54, ஆனால் சான்றிதழ் கிடையாது. அசைன்மென்ட்டில் 9, பரீட்சையில் 60 எடுத்தவருக்கும் கிடையாது. அதே நேரம் அசைன்மென்ட் 10, பரீட்சை 30 என்று சரியாக 40 எடுத்தவருக்கு உண்டு. மொத்தம் 60 எடுத்தால் சான்றிதழில் 'எலைட்' என்ற தரம், 75-ல் வெள்ளி, 90-ல் தங்கம். அசைன்மென்ட்டில் முழுதும் எடுத்தவர்கூடத் தங்கத்துக்குப் பரீட்சையில் 75-க்கு 65 எடுக்க வேண்டும், அதாவது நூற்றுக்கு 87. அசைன்மென்ட்டில் 20-தான் என்றால் நூற்றுக்கு 93-க்கு மேல் போக வேண்டும். நிரலாக்கப் பாடங்கள் சிலவற்றில் இந்த விகிதமே வேறு. நிரல் பயிற்சிக்கும் இணையவழி நிரல் பரீட்சைக்கும் தனிப் பங்கு இருக்கலாம். பாட அறிமுகப் பக்கத்தில் இருக்கும் கணக்கே இறுதி.

12 வாரத்தில் நான்கு வாரம் தவறலாம் என்பது நல்ல ஏற்பாடு. காய்ச்சல், மாதக் கடைசி வேலை, வீட்டு விசேஷம் எல்லாம் வரும். ஆனால் அந்த நான்கையும் முதல் ஆறு வாரத்துக்குள் செலவழித்தால் பாடம் கைநழுவிப் போனதாகவே கொள்ள வேண்டும். விட்ட வாரங்களின் பொருள் அடுத்த வாரங்களில் தேவைப்படும், ஒவ்வொரு வாரமும் புரியாதது இரட்டிக்கும். ஒரு வாரம் தவறினால், கடைசித் தேதி போயிருந்தாலும் அந்த வார விரிவுரையில் குறைந்தது பாதியைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

அசைன்மென்ட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் சமர்ப்பிக்கலாம், கடைசித் தேதிக்கு முன் கடைசியாகக் கொடுத்ததே எண்ணப்படும். மிக நல்ல வசதி இது, பயன்படுத்துவோர் குறைவு. வாரத்தின் முதல் நாள் விரிவுரை பார்ப்பதற்கு முன்பே கேள்விகளைத் திறந்து, தெரிந்ததை மட்டும் பதிலளித்துச் சமர்ப்பித்துவிடுங்கள். எங்கே தெரியவில்லை என்பது துல்லியமாகத் தெரிந்த பிறகு விரிவுரை பார்த்தால் கவனம் தானாகக் கூர்மையாகும். விரிவுரை முடிந்ததும் திரும்பத் திருத்திச் சமர்ப்பியுங்கள். கடைசி நாள் மின்சாரமோ இணையமோ போனாலும் ஏதோ ஒன்று பதிவாகியிருக்கும்.

விடைக் குழுக்கள் என்னும் நோய்

கல்லூரிகளில் என்பிடெல் 'லோக்கல் சாப்டர்' என்ற பெயரில் இயங்குகிறது. பொறுப்பாசிரியர் ஒருவர் இருப்பார், பாடத்துக்கு ஒரு மென்டரும், அதாவது மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியரும், இருப்பார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை, ஒரு பருவத்தின் படிப்புகளில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து கிரெடிட், அதாவது பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் பாட மதிப்பு, பெற அனுமதிக்கிறது. எவ்வளவு ஏற்பது என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். 12 வாரப் பாடத்துக்கு வழக்கமாக 3 கிரெடிட். நல்ல ஏற்பாடு. ஆனால் எண்ணிக்கைக்காக வகுப்பு முழுவதையும் கட்டாயமாகச் சேர்க்கும் கல்லூரிகளில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை அசைன்மென்ட் வரும், செவ்வாய்க்கிழமை டெலிகிராம் குழுவில் விடை வரும், புதன்கிழமை வகுப்பே 100-க்கு 100.

இது ஏன் நடக்கிறது? விடையைப் பார்த்து எழுதினால் 25 மதிப்பெண்ணுக்கு உடனடிப் பலன், பரீட்சையோ மூன்று மாதத்துக்கு அப்பால். மென்டரும் 'எத்தனை பேர் சமர்ப்பித்தார்கள்' என்பதையே எண்ணுகிறார். விளைவு பரீட்சை அறையில் தெரியும். 75-ல் 30 தாண்ட முடியாமல் 1,000 ரூபாயும் ஒரு பருவமும் வீணாகும். இன்னொன்றும் இருக்கிறது. சான்றிதழில் அசைன்மென்ட் மதிப்பெண்ணும் பரீட்சை மதிப்பெண்ணும் தனித்தனியே அச்சாகியிருக்கும். 25-க்கு 25, 75-க்கு 31 என்று இருந்தால், விவரம் தெரிந்த நேர்காணல் அதிகாரிக்கு அந்த இரண்டு எண்ணே கதையைச் சொல்லிவிடும். 25-க்கு 18, 75-க்கு 58 என்பது அதைவிட எவ்வளவோ மதிப்பானது.

மென்டராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமர்ப்பிப்புப் பட்டியலை வாங்குவதற்குப் பதிலாக, வாரம் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு மாணவரைக் கரும்பலகைக்கு வரச் சொல்லி அந்த வாரக் கேள்வி ஒன்றை விளக்கச் சொல்லுங்கள். யார் வருவது என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்யுங்கள். அறுபது பேரைக் கட்டாயப்படுத்துவதைவிட, விரும்பி வரும் பதினைந்து பேரோடு இதைச் செய்தால் தேர்ச்சியும் கூடும், அடுத்த பருவத்தில் கேட்காமலே வந்து சேர்பவர்களும் கூடுவார்கள்.

பாடத்தின் இணையப் பக்கத்தில் சந்தேகம் கேட்கும் விவாதப் பகுதியைப் பற்றி இரண்டு வார்த்தை. தடையைத் தாண்டும் பழக்கம் வளர்வது இங்கேதான். "4-வது வாரம் 6-வது கேள்வி விளக்கவும்" என்று எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. கடைசித் தேதிக்கு முன் விடையை வெளியிடக் கூடாது என்பதால் பேராசிரியரின் உதவியாளர்களும் ஒதுங்கிவிடுவார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "இருமத் தேடலில் பட்டியல் காலியாக இருக்கும்போது நிரல் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தும் நிபந்தனையை இப்படி வைத்தேன். ஓர் உறுப்பு உள்ள பட்டியலுக்குச் சரியாக வருகிறது, காலிப் பட்டியலுக்கு வரவில்லை. நிபந்தனையில் தவறா, அழைக்கும் இடத்தில் தவறா?" என்ன முயன்றீர்கள், எது நடந்தது, எது நடக்க வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் பதில் வரும். பாதி நேரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே விடை உங்களுக்கே தெரிந்துவிடும். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் சிக்கலை எடுத்துச் செல்லவும் இதே மூன்று வரி போதும். மாணவர் அதிகம் உள்ள பாடங்களில் உதவியாளர்கள் வாரந்தோறும் நேரலையில் கணக்குப் போட்டுக் காட்டுவதும் உண்டு. அசைன்மென்ட்டில் திணறுபவர் அதைத் தவறவிட வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர்கள் இதை எப்படிப் பயன்படுத்தலாம்

சான்றிதழை மட்டும் கொண்டுபோய் மேலாளரிடம் காட்டினால் வாழ்த்து கிடைக்கும், வேலையில் ஒன்றும் மாறாது. பாடம் நடக்கும்போதே வேலையில் ஒரு சிறு விஷயத்தைக் கையில் எடுக்க வேண்டும். பொருத்தமானது எது? வாரம் ஒருமுறையாவது திரும்பத் திரும்ப வருவது, உங்கள் பொறுப்புக்குள் இருப்பது, தவறினால் வாடிக்கையாளரைப் பாதிக்காதது. திங்கள்தோறும் கிளைக் கோப்புகளை ஒன்றாக்கும் வேலை நல்ல உதாரணம்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் மாற்றாமல், எவ்வளவு நேரம் ஆகிறது, எங்கே பிழை வருகிறது என்று மட்டும் குறியுங்கள். அடுத்து, கோப்புகளின் நகலில் மட்டும் நிரலை ஓட்டுங்கள். மூலக் கோப்பைத் தொடவே கூடாது. நான்கு வாரம் கையால் செய்ததையும் நிரல் தந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மொத்தத் தொகை ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். பெரும்பாலும் முதல் வாரம் ஒத்துப்போகாது. ஒரு கிளை தேதியை நாள்-மாதம் என்றும் இன்னொன்று மாதம்-நாள் என்றும் எழுதியிருக்கும், பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும், தொகைக்குள் காற்புள்ளி இருந்ததால் எண் எழுத்தாகப் படிக்கப்பட்டிருக்கும். இவற்றைச் சரிசெய்வதில்தான் உண்மையான படிப்பு இருக்கிறது.

பிறகு மேலாளரிடம் போகும்போது ஒரு பக்கம் போதும். "சார், திங்கட்கிழமை அறிக்கைக்கு இப்போது இவ்வளவு நேரம் ஆகிறது. நான்கு வாரம் இணையாக ஓட்டிப் பார்த்ததில் இவ்வளவாகக் குறைந்தது, தொகை கடைசி மூன்று வாரமும் ஒத்துப்போனது. அடுத்த மாதம் முதல் இதையே பயன்படுத்தலாமா? நான் விடுப்பில் இருந்தால் இன்னார் ஓட்டுவதற்குக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒருவர் மட்டுமே ஓட்டத் தெரிந்த நிரலை அலுவலகங்கள் ஏற்காமல் இருப்பதற்குக் காரணமே அது எழுதியவரோடு போய்விடும் என்ற பயம்தான்.

முன்முயற்சி எடுத்துக் கெட்ட பெயர் வாங்குபவர்களும் உண்டு. அநேகமாக மூன்று காரணம். கேட்காமல் அலுவலகக் கணினியில் மென்பொருள் நிறுவியது, வாடிக்கையாளர் விவரங்களை வீட்டு மடிக்கணினிக்கு எடுத்துப் போனது, அடுத்தவர் மேசை வேலையை அவரிடம் சொல்லாமல் 'சரிசெய்தது'. முதல் இரண்டுக்கும் ஐடி துறையிடம் முன்னனுமதி வாங்குங்கள், பெயர்களும் எண்களும் மாற்றிய மாதிரிக் கோப்பில் பழகுங்கள். மூன்றாவதற்கு, சம்பந்தப்பட்டவரையே முதலில் கூட்டாளியாக்குங்கள். பரீட்சைக் கட்டணத்தை நிறுவனம் திருப்பித் தருமா என்று கேட்கத் தயங்க வேண்டாம். பயிற்சிக்கு நிதி ஒதுக்கும் நிறுவனங்களுக்கு 1,000 ரூபாய் சிறு தொகை, ஆனால் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

சேர்பவர்கள் தவறும் இடங்கள்

பாடத்தில் சேர்வது வேறு, பரீட்சைக்குப் பதிவு செய்வது வேறு. இரண்டாவதற்குத் தனிப் படிவம், தனிக் கட்டணம். பாடம் பாதி ஓடுவதற்குள் அந்தத் தேதி முடிந்துவிடும். எல்லா அசைன்மென்ட்டும் எழுதிவிட்டு இதை மறந்தவருக்குச் சான்றிதழ் கிடைக்க வழியில்லை. சேர்ந்த அன்றே அந்தத் தேதியைக் கைபேசி நாட்காட்டியில் ஏற்றிவிடுங்கள். சேர்ந்த மின்னஞ்சலிலேயே பரீட்சைக்கும் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் அசைன்மென்ட் மதிப்பெண் வந்து சேராது. படிப்பு முடிந்ததும் மூடப்படும் கல்லூரி மின்னஞ்சலில் சேர்வதும் பின்னால் தொல்லை. கிரெடிட் வேண்டுபவர் மட்டும் கல்லூரி சொல்லும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் சான்றிதழில் எப்படி வர வேண்டுமோ அப்படியே தட்டச்சு செய்யுங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதை மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பரீட்சை வார இறுதியில், காலை 9 முதல் 12, பிற்பகல் 2 முதல் 5 என இரு அமர்வுகள். இரண்டு பாடம் எடுப்பவர் அவை ஒரே அமர்வில் மோதாதபடி தொடக்கத்திலேயே பாருங்கள். ஹால் டிக்கெட்டோடு புகைப்பட அடையாள அட்டையின் அசலும் வேண்டும். கைபேசியில் உள்ள படத்தை நம்பிப் போகாதீர்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பாடத்துக்குப் பாடம் தரம் வேறுபடுகிறது. சிலவற்றில் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டு அருமையாக நடத்துகிறார்கள், சிலவற்றில் ஸ்லைடை வாசிப்பதோடு சரி. பழைய பதிவுகளில் ஒலி தெளிவில்லாததும் உண்டு. முடிவுகள் வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், வேலைவாய்ப்பு நேர்காணலுக்கு இந்தச் சான்றிதழை நம்பியிருப்பவர்கள் ஒரு பருவம் முன்னதாகவே திட்டமிட வேண்டும். விரிவுரையும் பரீட்சையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பல பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழிலும் பிடிஎஃப் ஆகத் தருகிறார்கள், எல்லாவற்றுக்கும் இல்லை. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதலில் தமிழ்ப் பிரதியை வாசித்துவிட்டு, பிறகு ஆங்கில வசன வரியோடு விரிவுரை பார்த்தால் கலைச்சொற்கள் தடுக்காது.

வாரம் ஐந்தரை மணி நேரம் இப்போது இல்லாதவர்கள், இந்தப் பருவத்துக்கான சேர்க்கைத் தேதியைத் தவறவிட்டவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. என்பிடெல் தளத்தின் பழைய பாடங்களில் விரிவுரைகள் அப்படியே கிடைக்கின்றன. கடைசித் தேதி இருக்காது என்பதால் அதை நீங்களே உருவாக்க வேண்டும். உடன் படிக்க ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், அந்த வாரக் கணக்கு ஒன்றை மாறி மாறி விளக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தில் அதே பாடம் திறந்தால் பதிவு செய்து பரீட்சை எழுதிவிடலாம். பாதிப் பாடம் ஏற்கெனவே கையில் இருக்கும், வாரத்துக்கு மூன்று மணி நேரமே போதும்.